காப்பிக்கொட்டையும் காத்திருப்பும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசுப்பா. தொழில்ல நீ பார்த்தது எதையாவது சொல்லு. அட்வைஸ் மட்டும் வேண்டாம், பசங்க எழுந்து போயிடுவாங்க" என்றார். நியாயம்தான். இதே அரங்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பெரியவர்கள் பேசும்போது பக்கத்து நண்பனோடு புள்ளி வைத்துக் கட்டம் போட்டு விளையாடியவன் நான். ஆகவே அட்வைஸ் கிடையாது. ஒரு காப்பிக்கொட்டை போகும் வழியைச் சொல்கிறேன். அந்த வழியில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்கிறேன்.

2010-இல் மெக்கானிக்கல் முடித்தேன். சில வருடங்கள் கோவையில், தானியம் சுத்தம் செய்யும் இயந்திரங்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். 2018-இல் எத்தியோப்பியாவின் தலைநகரம் அடிஸ் அபாபாவில், காப்பிக்கொட்டையை ஏற்றுமதிக்குத் தயார் செய்யும் ஆலை ஒன்றில் பொறியாளர் வேலை கிடைத்தது. வீட்டில் சொன்னதும் அம்மா, "எத்தியோப்பியாவா? பஞ்சம்னு பேப்பர்ல படம் போடுவாங்களே, அந்த ஊரா?" என்று பதறினார். 1984-இல் அங்கே வந்த பஞ்சம் அந்தத் தலைமுறையின் நினைவில் அப்படிப் பதிந்திருக்கிறது. "அம்மா, காலையில அரை மணி நேரம் லேட் ஆனா உனக்குத் தலை வலிக்குதே, அந்தக் காப்பி பொறந்த ஊரும்மா அது" என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன்.

அது உண்மையும்கூட. உலகத்தில் இன்று விளையும் அராபிகா காப்பிக்கு எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள்தான் தாய்வீடு. ஆடு மேய்க்கும் கால்தி என்ற பையன், ஏதோ சிவப்புப் பழத்தைத் தின்ற ஆடுகள் துள்ளிக் குதிப்பதைப் பார்த்துக் காப்பியைக் கண்டுபிடித்தான் என்று ஒரு கதை உண்டு. கதையை விடுங்கள். ஆப்பிரிக்காவில் மிக அதிகமாகக் காப்பி விளைவிக்கும் நாடு அதுதான். அந்நாட்டு ஏற்றுமதி வருமானத்தில் சாதாரணமாக நாலில் ஒரு பங்குக்கு மேல் காப்பியிலிருந்து வருகிறது. விளைவிப்பவர்களோ பெரிய எஸ்டேட்காரர்கள் அல்லர். வீட்டைச் சுற்றி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சின்னக் குடியானவர்கள். இப்படிப் பல லட்சம் குடும்பங்கள்.

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கும். விளைவதில் ஏறக்குறையப் பாதியை அவர்களே குடித்துவிடுகிறார்கள். காப்பி விளையும் நாடுகள் எல்லாம் அப்படி இல்லை. பக்கத்து நாடான கென்யா காப்பியை விற்றுவிட்டுத் தேநீர் குடிக்கிறது. எத்தியோப்பிய வீட்டில் விருந்தாளி வந்தால் பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே கழுவி, வறுத்து, இடித்து, ஜெபெனா என்னும் மண்குடுவையில் காய்ச்சி, மூன்று சுற்று தருவார்கள். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரக்கா. மூன்றாவது சுற்று ஆசீர்வாதம். அது வரும் முன்னே எழுந்திருப்பது மரியாதை இல்லை. போன புதிதில் இது தெரியாமல், ஒரு கோப்பை குடித்ததும் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினேன். அந்த வீட்டுத் தாத்தா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "என் கணக்கு வாத்தியாரும் இந்தியர்தான். அவரும் முதல்ல இப்படித்தான் ஓடுவார்" என்றார். ஹெய்லி செலாசி மன்னர் காலத்திலிருந்து நம் நாட்டு ஆசிரியர்கள் அங்கே நிறையப் பேர் போய்ப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அந்தப் புண்ணியத்தில் நமக்கு மரியாதை கிடைக்கிறது.

இப்போது கொட்டையின் பயணத்துக்கு வருகிறேன். உலக வாணிபத்தில் ஒரு நாட்டின் இடம் எது என்று பொருளாதாரப் பேராசிரியர்கள் பல அளவுகோல் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் படிப்பு இல்லை. ஆலைக்குள் நின்று பார்த்ததில் எனக்குப் புரிந்த அளவுகோல் ஒன்றுதான். யாரால் காத்திருக்க முடிகிறது, யாரால் முடியவில்லை என்று பாருங்கள். விலை யார் கையில் இருக்கிறது என்பது தானே தெரிந்துவிடும்.

தெற்கே கெதியோ மலைப்பகுதியில் யிர்காச்செஃபே என்று ஓர் ஊர். அந்தப் பெயரை உலகத்தின் எந்த நல்ல காப்பிக்கடையிலும் பார்க்கலாம். அங்கே ஒரு விவசாயி காலையில் பழம் பறிக்கிறார். அன்று மாலைக்குள் அதை நீராலைக்குக் கொண்டு போய்த் தோலுரித்தாக வேண்டும். இரவு தாண்டினால் பழம் கூடைக்குள்ளேயே புளிக்கத் தொடங்கும். 'இன்றைக்கு விலை சரியில்லை, நாளைக்கு விற்கிறேன்' என்று அவரால் சொல்ல முடியாது. பழத்தை வெயிலில் அப்படியே காய வைத்து விற்கலாம். ஆனால் அதற்கு வேறு விலை, கையில் பணம் வரவும் நாளாகும். ஆக, அவருடைய காத்திருப்பு சில மணி நேரம்.

நீராலையில் தோலுரித்து, ஊறவைத்து, கழுவி, உயர்ந்த பரண்களில் ஒன்றிரண்டு வாரம் காய வைக்கிறார்கள். ஐந்தாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை தேறும். காகிதம் போன்ற மேலோட்டோடு அது அடிஸ் அபாபா வரும். எங்கள் ஆலையில் ஓட்டை நீக்கி, கல் பொறுக்கி, சல்லடையில் அளவு பிரித்து, கலர் சார்ட்டரில் கறுப்புக் கொட்டையை ஊதித் தள்ளி, கடைசியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் கையால் ஒருமுறை பொறுக்கி, 60 கிலோ மூட்டையாகக் கட்டுவோம். 320 மூட்டை ஒரு 20 அடி கண்டெய்னர். கணக்குப் போட்டால் 19.2 டன். ஏற்றுமதியாளர் இந்தச் சரக்கை வங்கிக் கடனில் வாங்கியிருப்பார். வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அவருடைய காத்திருப்பு சில வாரம்.

அடுத்தது நாடு. எத்தியோப்பியாவுக்குக் கடற்கரை இல்லை. 1993-இல் எரித்திரியா தனி நாடானபோது கடற்கரை முழுவதும் அதனோடு போயிற்று. 1998-இல் இரு நாடுகளுக்கும் போர் மூண்டதும் அசாப் துறைமுகத்தின் கதவும் அடைபட்டது. அன்றிலிருந்து வெளிநாட்டு வாணிபத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஜிபூட்டி என்ற சின்னஞ்சிறு நாட்டின் துறைமுகம் வழியாகத்தான். 2018-இல் புதிய மின்சார ரயில் ஓடத் தொடங்கியும், மூட்டைகளை நான் பெரும்பாலும் லாரியில்தான் அனுப்பினேன். 2,300 மீட்டர் உயரத்தில், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் குளிரில் கண்டெய்னரைப் பூட்டுகிறோம். 800 கிலோமீட்டருக்கு மேல் இறங்கி, அஃபார் பாலைவனத்தைத் தாண்டி, 40 டிகிரி வெயிலில் கடல் மட்டத்துக்குப் போய்ச் சேர்கிறது. இந்த இறக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தப்பு அதில்தான் ஒளிந்திருக்கிறது.

பெட்ரோலும் மருந்தும் உரமும் வாங்க அந்த நாட்டுக்கு டாலர் வேண்டும். நான் அங்கே இருந்த வருடங்களில், டாலர் கொண்டு வந்த ஏற்றுமதிச் சரக்குகளில் முதலிடம் காப்பிக்கு. ஆகவே நாடும் காத்திருக்க முடியாது. இதில் ஒரு விசித்திரம் நடந்தது. டாலர் தட்டுப்பாடு கடுமையாக இருந்த வருடங்களில், சில ஏற்றுமதியாளர்கள் உள்ளூரில் அதிக விலைக்குக் காப்பி வாங்கி, வெளிநாட்டில் நட்டத்துக்கு விற்றார்கள். பைத்தியமா என்று கேட்காதீர்கள். கிடைத்த டாலரில் கார், கம்பி, இயந்திரம் இறக்குமதி செய்து விற்றால் நட்டம் போக லாபம் நின்றது. காப்பி அவர்களுக்குச் சரக்கு அல்ல, டாலர் வாங்கும் சீட்டு. நேர்மையாகக் காப்பியை மட்டும் விற்றுப் பிழைக்க நினைத்தவர் இந்தப் போட்டியில் திணறினார். 2024 ஜூலையில் அரசு தன் நாணயமான பிர்ரின் மதிப்பைச் சந்தையிடம் விட்ட பிறகுதான் இந்தக் கணக்கு மாறத் தொடங்கியது.

இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம் வாருங்கள். ஹாம்பர்க், ஆன்ட்வெர்ப் துறைமுகங்களில் பெரிய பெரிய கிடங்குகள். ஓடு நீக்கிய பச்சைக் கொட்டை, ஈரம் சரியாக இருந்தால், ஒரு வருடம் கெடாமல் இருக்கும். வறுப்பவரிடம் ஐந்தாறு நாட்டுக் கொட்டை இருக்கும். ஒன்று வராவிட்டால் கலவையில் இன்னொன்றைக் கூட்டிக்கொள்வார். விலையோ நியூயார்க் சந்தையில், பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று முடிவாகிறது. எங்கள் ஒப்பந்தத் தாளில் விலை என்ற இடத்தில் 'நியூயார்க் விலையும் அதற்கு மேல் இத்தனை சென்ட்டும்' என்றுதான் இருக்கும். அந்த நியூயார்க் விலை பிரேசில் வானிலையைப் பார்த்து ஏறும், இறங்கும். பிரேசிலில் உறைபனி விழுந்தால் யிர்காச்செஃபேயில் விலை ஏறும். யிர்காச்செஃபேயில் இடி விழுந்தாலும் நியூயார்க்கில் ஒன்றும் ஆகாது.

இனி என் தப்பு.

2021 மார்ச் மாதம். கொரோனாவால் உலகம் முழுக்கக் கண்டெய்னர் தட்டுப்பாடு. மூன்று வாரம் அலைந்து ஒரு கண்டெய்னர் கிடைத்தது. ஏற்ற வேண்டிய சரக்கு கெதியோ பகுதியின் ஒரு விவசாயிகள் சங்கத்துடையது. ஓட்டை நீக்கி ஈரம் பார்த்தேன். 12.8 விழுக்காடு. அந்த மாதிரிச் சரக்குக்கு நாங்கள் வைத்திருந்த உச்ச அளவு 11.5. இரண்டு மூன்று நாள் மறுபடி காய வைத்திருக்க வேண்டும். மேலாளர் வந்தார். "இன்னைக்கு ஏத்தலைன்னா கண்டெய்னர் கையை விட்டுப் போயிடும். அடுத்தது ஒரு மாசம் ஆகும். ஒண்ணேகால் பர்சென்ட்தானே?" என்றார்.

ஒன்றேகால் விழுக்காடு. 19.2 டன்னில் அது எவ்வளவு என்று அன்று நான் கணக்குப் போடவில்லை. இன்று நீங்கள் போடுங்கள். ஏறக்குறைய 250 லிட்டர். ஒரு பேரலுக்கு மேல் தண்ணீரை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, குளிர்ந்த மலையிலிருந்து பாலைவனத்துக்கும், அங்கிருந்து மார்ச் மாத வடகடல் குளிருக்கும் அனுப்புகிறோம். வெயிலில் கொட்டையிலிருந்து நீர் ஆவியாகும். இரவிலும் வடக்கே போகப் போகவும் பெட்டியின் கூரை குளிரும். ஆவி கூரையில் நீராகி, மழை போலச் சொட்டும். 'கண்டெய்னர் மழை' என்றே தொழிலில் பெயர். மூன்றாம் ஆண்டில் சைக்ரோமெட்ரிக் வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்து எங்களுக்குப் பனிநிலை நடத்திய பேராசிரியர் இதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல மார்க்தான் போட்டீர்கள். தெரியாமல் செய்த தப்பு இல்லை சார். தெரிந்தே கையெழுத்துப் போட்டேன்.

ஹாம்பர்க்கில் திறந்தபோது மேல் அடுக்கில் நாற்பத்துச் சொச்சம் மூட்டை பூஞ்சை பிடித்திருந்தது. மற்றவை நன்றாகவே இருந்தன. ஆனால் வாங்கியவர் முழுச் சரக்குக்கும் தள்ளுபடி கேட்டார், கொடுத்தோம். அந்த நட்டம் எங்கெங்கே போனது என்று பாருங்கள். வறுப்பவருக்கு ஒன்றும் இல்லை, கிடங்கில் இருந்த வேறு சரக்கை எடுத்துக்கொண்டார். வாங்கியவருக்கும் இல்லை. தள்ளுபடியில் வாங்கிய நல்ல மூட்டைகள் அவர் கிடங்கில் இருக்கும்போதே, அந்த ஜூலையில் பிரேசிலில் உறைபனி விழுந்தது. வருட முடிவில் நியூயார்க் விலை பவுண்டுக்கு 2 டாலரைத் தாண்டியது. அவரால் காத்திருக்க முடிந்தது. எங்கள் ஆலைக்கு நட்டமா? அதுவும் இல்லை. நிர்வாகம் அதைச் சங்கத்தின் கணக்கில் எழுதியது. 'சரக்கு ஈரமாக வந்தது' என்று காரணம். ஈரமாக வந்தது உண்மைதான். ஈரமாகவே ஏற்றியது யார்? என் கையெழுத்து ஈரப் பதிவேட்டில் இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

சங்கங்களில் பழம் கொடுத்த அன்று ஒரு தொகையும், ஏற்றுமதி முடிந்து லாபம் வந்தால் இரண்டாம் தவணையும் கொடுப்பார்கள். பள்ளிக்கூடக் கட்டணம், கூரைத் தகடு, கல்யாணச் செலவு எல்லாம் அந்த இரண்டாம் தவணையை நம்பித்தான். அந்த வருடம் அந்தச் சங்கத்துக்கு அது வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். எல்லாவற்றையும் காத்திருக்க முடியாதவர் தலையில் கட்டுகிற இந்த ஏற்பாடு எப்போதும் இப்படித்தானா? இல்லை. 1962-இல் விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் போட்டன. ஒவ்வொரு நாட்டுக்கும் ஏற்றுமதிக்கு ஒரு கோட்டா. விலை இறங்கினால் கோட்டா சுருங்கும், மிச்சக் காப்பி விளைந்த நாட்டுக் கிடங்கில் காத்திருக்கும். அதில் ஊழலும் உண்டு, குளறுபடியும் உண்டு. ஆனாலும் காத்திருக்கும் சக்தி கொஞ்சமாவது விளைவிப்பவர் பக்கம் இருந்தது. 1989 ஜூலையில் அந்தக் கோட்டா முறை முறிந்தது. நாடுகள் போட்டி போட்டுக் கையிருப்பைக் கொட்டின. மூட்டைகள் கடல் கடந்து வாங்குபவர் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த சில ஆண்டுகளில் விலை பாதியானது. 1990-களில் வியட்நாம் பெரும் அளவில் ரொபஸ்டா விளைவிக்கத் தொடங்கியதும், 2001-இல் உலகச் சராசரி விலை பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. எத்தியோப்பியாவில் சிலர் காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டு, போதை தரும் சாத் இலையை நட்டார்கள்.

"அப்படியானால் அங்கேயே வறுத்து, பாக்கெட்டில் போட்டு விற்கலாமே?" என்று காலையில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஒரு காப்பிச் செடிகூட விளையாத சுவிட்சர்லாந்து, வறுத்த காப்பியை ஏற்றுமதி செய்து சம்பாதிப்பது, எத்தியோப்பியா தன் காப்பி முழுவதையும் விற்றுச் சம்பாதிப்பதைவிட அதிகம். ஐரோப்பாவில் வறுத்த காப்பிக்கு இறக்குமதி வரி உண்டு என்றாலும், பின்தங்கிய நாடு என்ற முறையில் எத்தியோப்பியாவுக்கு அந்த வரியும் இல்லை. பிறகு என்ன தடை? பச்சைக் கொட்டை ஒரு வருடம் தாங்கும், வறுத்தது சில வாரத்தில் மணம் இறங்கத் தொடங்கும். கப்பல் பயணமே சில வாரம் ஆகிறது. காற்றுப் புகாத உறையை டாலர் கொடுத்து இறக்குமதி செய்ய வேண்டும். வாங்குபவருக்கோ ஐந்து நாட்டுக் கொட்டை கலந்த கலவை வேண்டும், இவர்களிடம் ஒரு நாட்டுக் கொட்டைதான் இருக்கிறது. இதெல்லாம் தாண்ட முடியாத மலை இல்லை. எத்தியோப்பியாவிலேயே வறுத்து விமானத்தில் அனுப்பும் கம்பெனிகள் இன்று இருக்கின்றன. அளவு சிறிது, அவ்வளவுதான்.

சும்மாவும் அவர்கள் இருக்கவில்லை. 2005-இல் யிர்காச்செஃபே, சிதாமோ, ஹரார் என்ற தங்கள் ஊர்ப் பெயர்களை அமெரிக்காவில் வணிகமுத்திரையாகப் பதிவு செய்ய எத்தியோப்பிய அரசு மனுப் போட்டது. அமெரிக்கக் காப்பி வியாபாரிகள் சங்கம் எதிர்த்தது. ஆக்ஸ்ஃபாம் அமைப்பு பிரசாரம் செய்து பெரிய விவாதமாயிற்று. 2007-இல் ஸ்டார்பக்ஸ் கம்பெனி அரசோடு உடன்பாட்டுக்கு வந்தது. மூட்டை போனாலும் பெயர் நம்முடையது என்று சொன்ன முயற்சி அது.

2008-இல் எலெனி கப்ரெ-மதின் என்ற பொருளாதார வல்லுநர் தலைமையில் அடிஸ் அபாபாவில் சரக்குச் சந்தை ஒன்றைத் தொடங்கினார்கள். சரக்கைத் தரம் பார்த்துக் கிடங்கில் வைத்து ரசீது தருவார்கள். விற்றால் மறுநாளே வங்கியில் பணம். ஏமாற்று குறைந்தது, விலை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் இங்கே ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்கினார்கள். ஒரே தரத்துச் சரக்கெல்லாம் ஒன்றாகக் கலந்ததால், எந்த ஊர், எந்த நீராலை என்ற விவரம் தொலைந்தது. நல்ல விலை கொடுப்பவர்களோ அந்த விவரத்துக்காகத்தான் விலை கொடுக்கிறார்கள். தங்கள் சரக்கைத் தாங்களே ஏற்றுமதி செய்யும் கூட்டுறவு ஒன்றியங்களுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே விலக்கு இருந்தது. மற்றவர்களும் பெயரோடு நேராக விற்கலாம் என்று 2017-இல் விதியை மாற்றினார்கள்.

இதற்கிடையில் உலகம் புதுப் புதுக் கேள்வி கேட்கிறது. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், பல கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு ஐரோப்பா போயின. பயணம் இரண்டு வாரம் வரை கூடியது, அந்த வட்டியும் விளைவிக்கும் பக்கம்தான் வந்து விழுந்தது. அதே 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றியது. 2020 முடிவுக்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி உள்ளே வரக்கூடாது. எந்த நிலத்தில் விளைந்தது என்று அட்ச ரேகை, தீர்க்க ரேகையோடு காட்ட வேண்டும். காட்டைக் காப்பாற்றுவது நல்ல நோக்கம். ஆனால் அரை ஏக்கர்காரர்கள் பல லட்சம் பேரின் நிலத்தை யார் அளப்பது? 2024 முடிவில் நடைமுறைக்கு வரவேண்டிய சட்டம் இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்டது. காப்பாற்றப்பட்ட காட்டின் நிழலிலேயே காப்பி வளர்க்கும் மக்கள், அதை நிரூபிக்கக் காகிதம் இல்லாமல் நிற்கிறார்கள்.

நல்ல காலமும் வராமல் இல்லை. 2025 பிப்ரவரியில் அராபிகா விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. 2024–25 ஆண்டில் எத்தியோப்பியாவின் காப்பி ஏற்றுமதி 2.5 பில்லியன் டாலரையும் தாண்டிச் சாதனை படைத்தது. கேட்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் ஏறியது இறங்கும். இறங்கும்போது யார் தலையில் இறங்கும் என்பதுதான் என் கவலை.

இப்போது 2022 ஜனவரிக்குப் போகிறேன். அந்தச் சங்கத்தின் நீராலையில் ஒரு இயந்திரம் பழுது என்று என்னை அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் பெரியவர் ஒருவர் காப்பிக்கு அழைத்தார். அங்கே மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'காஷே' என்பார்கள். நம் ஊரில் 'ஐயா' மாதிரி. முதல் சுற்றுக் காப்பி வந்தது, கொறிக்க வறுத்த வாற்கோதுமையும் வந்தது. மனசு கேட்கவில்லை. கூட வந்த பையனை மொழிபெயர்க்கச் சொல்லி, "காஷே, போன வருஷம் உங்க சரக்கு கெட்டதுக்கு நான்தான் காரணம். ஈரம் தெரிஞ்சும் ஏத்தினேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்களால பழத்தைக் கையில வச்சிக்கிட்டு நிக்க முடியாது. அது எங்க நிலைமை. உங்ககிட்ட கட்டடம் இருந்துது, மெஷின் இருந்துது, படிப்பு இருந்துது. நீங்க ஏன் நிக்கல?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் இல்லை. இன்றும் இல்லை. மூன்றாவது சுற்று வரும்வரை உட்கார வைத்துத்தான் அனுப்பினார்.

அடிஸ் திரும்பியதும், ஈரப் பதிவேட்டின் நகலை வைத்து, நடந்ததை ஒரு பக்கம் எழுதி நிர்வாகத்துக்குக் கொடுத்தேன். பத்து மாதம் முன்னமே எழுதியிருக்க வேண்டிய ஒரு பக்கம். முணுமுணுப்பு இருந்தது. சில மாதம் கழித்துச் சங்கத்துக்கு ஒரு பகுதிப் பணம் திரும்பப் போயிற்று, முழுவதும் இல்லை. அளவுக்கு மேல் ஈரம் இருந்தால் பொறியாளர் கையெழுத்து இருந்தாலும் ஏற்றக்கூடாது என்று ஒரு விதியும், மறுபடி காய வைக்க ஒரு உலர்த்தியும் வந்தன. அந்த உலர்த்தியின் வரைபடம் நான் போட்டது. என் பொறியியல் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு. அது தந்ததும் வேறொன்றுமில்லை, மூன்று நாள் காத்திருப்பு.

2023 முடிவில் ஊர் திரும்பிவிட்டேன். இப்போது அதே மாதிரி உலர்த்திகளையும், நீராலையிலேயே ஈரம் பார்க்கும் எளிய கருவிகளையும் செய்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை அங்கே போய் வருகிறேன். அறுவடை முடிந்ததும் விற்றே தீரவேண்டும் என்ற நிலைமையை ஒரு வாரம் தள்ளிப்போட முடிந்தால்கூட, ஒரு சங்கத்தின் பேரத்தில் அது தெரிகிறது. கிடங்கு, உலர்த்தி, நாணயமான தராசு, நேரத்தில் கிடைக்கும் கடன் இவை எல்லாம் காத்திருப்பை வாங்கித் தரும் சாதனங்கள். அவற்றில் பாதி நம் மாதிரிப் பொறியாளர்கள் கையில் இருக்கின்றன.

அட்வைஸ் பண்ண மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பண்ணவில்லை. தம்பி தங்கைகளே, அந்தப் பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வியை மட்டும் உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். நாளைக்கு ஏதோ ஒரு ஆலையில், ஏதோ ஒரு பதிவேட்டில், "இன்னைக்கே போகணும் சார், கையெழுத்துப் போடுங்க" என்று ஒருவர் பேனாவை நீட்டுவார். அப்போது உங்களுக்கு அது ஞாபகம் வந்தால் போதும்.

மெஸ்ஸில் காப்பி போட்டுவிட்டார்கள் என்று செயலாளர் அண்ணன் சைகை காட்டுகிறார். அவசரப்படாமல் குடியுங்கள்.